சிகரெட்டை விட்ட பத்தாம் நாள் வரும் வாய்ப்புண்

"காலையில ஒண்ணு பத்த வெச்சாத்தான் டாக்டர் வயிறு இளகும்." குடலில் நாள்பட்ட அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் க்ரோன் நோயோடு வரும் ஆண்கள் பலர் என்னிடம் சொல்லும் முதல் காரணம் இதுதான். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. நிகோட்டின் குடல் அசைவைத் தூண்டிவிடும். ஆனால் எந்தக் குடலுக்காகப் புகைக்கிறார்களோ, அதே குடலைத்தான் அந்தப் புகை புண்ணாக்குகிறது.

லாரி ஓட்டும் ஒருவர், வயது முப்பத்தைந்துக்குள். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம் சுருங்கிப்போய், அந்தப் பகுதியை வெட்டி எடுத்துத் தைத்தோம். மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை, அவர் மனைவியே சாட்சி. ஆறு மாதம் கழித்துக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்தால், தையல் போட்ட இடத்திலேயே மறுபடியும் புண். அவர் சட்டைப்பையில் சிகரெட் பாக்கெட் துருத்திக்கொண்டு தெரிந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் 'புகை கூடாது' என்று ஒரு வரி எழுதியதோடு நான் நிறுத்தியிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

க்ரோன் நோயில் புகைப்பவர்களுக்கு நோய் அடிக்கடி கிளம்பும், ஸ்டீராய்டு அதிகம் தேவைப்படும். அறுவைக்குப் பிறகு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு நாளைக்கு நாலைந்துதான் என்பதும் காப்பாற்றாது, பீடிக்கும் விலக்கு கிடையாது. 2001இல் வெளியான பாரிஸ் ஆய்வு ஒன்றில், புகைக்கும் க்ரோன் நோயாளிகள் 474 பேருக்கு ஆலோசனை கொடுத்து விடவைக்க முயன்றார்கள். ஓராண்டுக்கு மேல் விட்டிருந்தவர்கள் 59 பேர்தான். ஆனால் அவர்களுக்கு நோய் கிளம்பும் வாய்ப்பு, வாழ்நாளில் புகைக்காதவர்களுக்குச் சமமாக இறங்கிவிட்டது. இந்த அளவுக்குப் பலன் தருகிற, செலவே இல்லாத சிகிச்சை க்ரோனில் வேறொன்று எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 'குடல் அழற்சிக்குப் புகை நல்லது' என்று வாட்ஸப்பில் படித்துவிட்டு வருகிறார்கள். அது பெருங்குடலைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற இன்னொரு நோயைப் பற்றிய பாதிச் செய்தி. புகைக்காதவர்களிடமும் புகையை விட்டவர்களிடமும் அந்த நோய் கூடுதலாக இருப்பதை 1982லேயே கவனித்தார்கள். தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையை மருந்தாகவும் சோதித்தார்கள். சிலருக்குக் கேட்டது, பக்கவிளைவும் இருந்தது, நோயைத் தொடர்ந்து அடக்கிவைக்க உதவவில்லை. அதற்காக நுரையீரலையும் இதயத்தையும் பணயம் வைக்கச் சொல்லும் மருத்துவர் யாரும் இல்லை. கொலைட்டிஸ் உள்ளவர் புகையை விடுவதாக இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விட்டபின் நோய் கொஞ்சம் தலைதூக்கினால் மருந்தைக் கூட்டிச் சமாளிக்கலாம். கொலைட்டிஸுக்குத் தரும் மெசலமின் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்களுக்கு இருப்பது க்ரோனா, கொலைட்டிஸா? தெரியாவிட்டால் அடுத்த முறை அந்தக் கேள்வியோடு போங்கள்.

சரி, எப்படி விடுவது? மன உறுதி மட்டும் போதும் என்று நான் சொல்வதில்லை. மருந்துக்கடையில் 2 மி.கி. நிகோட்டின் சூயிங்கம் கிடைக்கும். அதைச் சாதாரண சூயிங்கம்போல அரைத்துக்கொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மெல்லுங்கள். காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்குங்கள், காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். டீ குடித்து 15 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து வாயில் சரியாக ஏறாது. நம் ஊரில் டீயும் தம்மும் ஜோடி என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். மாத்திரைகளும் உண்டு, அவற்றை மருத்துவர்தான் எழுதித் தரவேண்டும். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.

முதல் மூன்று நாள் கடினம். அப்புறம் மலச்சிக்கல் வரலாம். அது நோய் இல்லை, நிகோட்டினுக்குப் பழகிய குடல் தானாக வேலை செய்யப் பழகுகிற காலம். ஆனால் வாந்தி, வயிற்று உப்புசம், வலியோடு மலம் அடைபட்டால் காத்திருக்காமல் வந்துவிடுங்கள்.

லாரி ஓட்டுநர் இரண்டாவது முயற்சியில் விட்டார். பத்தாம் நாள் பதறிக்கொண்டு வந்து வாயைத் திறந்து காட்டினார். உதட்டுக்குள்ளே நாலு வெள்ளைப் புண். "சிகரெட்டை விட்டதும் நோய் கிளம்பிருச்சு டாக்டர், பேசாம பிடிச்சிரவா?" க்ரோனிலும் வாய்ப்புண் வரும் என்பதால் அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. புகையை விட்ட முதல் இரண்டு வாரங்களில் பலருக்கு இப்படிப் புண் வந்து தானாக ஆறும். வலியோ பேதியோ இல்லை, ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. வாயில் தடவ ஒரு ஜெல் மட்டும் எழுதிக் கொடுத்து, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னேன். வந்தபோது புண் ஆறியிருந்தது. சட்டைப்பையில் சூயிங்கம் அட்டை இருந்தது.