கோலிபோம்: பொம்மும் இல்லை, கோலும் இல்லை

ஒட்டுசுட்டானில் இருக்கும் என் மாமியின் கிணற்றுத் தண்ணீர் அறிக்கை ஒரு மார்கழியில் வந்தது. மழை விட்டு, வாய்க்கால்கள் கரை முட்ட ஓடிக்கொண்டிருந்த நேரம். அறிக்கை முழுக்க ஆங்கிலம். அடியில் மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் பேனையால் தமிழில் எழுதியிருந்தார்: "கோலிபோம் உண்டு. கொதிக்க வைத்துக் குடிக்கவும்." மாமி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? கிணத்துக்குள்ள பொம் ஏதும் கிடக்குதாமோ?"

வேறு ஊர் என்றால் சிரித்திருக்கலாம். போர் முடிந்து வன்னியில் மீளக்குடியேறிய நாட்களில் கிணறு இறைத்தவர்களுக்கு, சேற்றோடு சேர்ந்து வெடிக்காத குண்டு போல வேண்டாத சாமான் எதுவும் வரலாம் என்ற பயம் இருந்தது. ஆகவே சிரிக்காமல், அது ஒரு பற்றீரியாக் கூட்டத்தின் பெயர் என்று சொல்லி, சொல்லைப் பிரித்துக் காட்டினேன்.

கடைசியில் உள்ள 'போம்', பிள்ளைகள் போடும் யூனிபோமில் இருக்கிற அதே போம்தான். 'வடிவம்' என்று பொருள்படும் 'போர்மா' என்ற இலத்தீன் சொல்லில் இருந்து வந்தது. யூனிபோம் என்றால் ஒரே வடிவம். எல்லாருக்கும் ஒரே உடுப்பு. (குளோரோபோமில் உள்ள போம் வேறு குடும்பம். அதன் வேர் 'போர்மிக்கா', அதாவது எறும்பு. எறும்பில் இருந்து முதலில் எடுத்த போமிக் அமிலத்தின் வழியாக அந்தப் பெயர் வந்தது.)

முன்னால் உள்ள 'கோலி'யில்தான் நானே ஒருகாலத்தில் ஏமாந்தேன். நம் பாடநூல்களில் பற்றீரியாக்களைக் கோளவுரு, கோலுரு என்று வடிவம் பார்த்துப் பிரித்திருப்பார்கள். கோலிபோம் பற்றீரியாவும் கோல் வடிவம்தான். பிறகென்ன, கோல் என்பதில் இருந்துதான் கோலி வந்தது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். பொருத்தம் அவ்வளவு அழகு. ஆனால் பிழை. இலத்தீனில் 'கோலொன்' என்றால் பெருங்குடல். அதுவும் கிரேக்கத்தில் இருந்து வாங்கியது. அதன் ஆறாம் வேற்றுமை 'கோலி', அதாவது 'பெருங்குடலினுடைய'. இன்னொரு வேடிக்கை, 'பற்றீரியா' என்ற சொல்லுக்குத்தான் உண்மையில் கோல் என்று பொருள். கிரேக்க மொழியில் 'பக்தீரியோன்' என்றால் சிறு கோல், சிறு ஊன்றுதடி. ஆக, கோல் இருக்கிறது. ஆனால் நான் தேடிய இடத்தில் இல்லை.

பெயர் ஒட்டிய கதைக்கு வருவோம். 1885 இல் தியோடர் எஷரிச் என்ற குழந்தை மருத்துவர் பச்சைக் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோது, எல்லாக் குழந்தையிடமும் ஒரு சிறு கோலுருவைக் கண்டார். 'குடலில் பொதுவாக உள்ள பற்றீரியா' என்ற கருத்தில் 'பற்றீரியம் கோலி கொம்யூனே' என்று பெயர் வைத்தார். பின்னர், 1919 இல், அது அடங்கும் பேரினத்துக்கு அவர் பெயராலேயே 'எஷரிச்சியா' என்று சூட்டினார்கள். சூட்டியவர்கள் கஸ்தெல்லானியும் சால்மர்ஸும். இருவரும் அதற்கு முன் கொழும்பில் வேலை செய்தவர்கள். உலகம் முழுக்க ஈ.கோலி என்று சுருக்கிச் சொல்கிற பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு இலங்கைத் தொடர்பு உண்டு என்பதை எங்களுக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

சரி, ஈ.கோலி என்பது ஓர் இனம். கோலிபோம் என்பது இனத்தின் பெயர் இல்லை. 'கோலியைப் போல இருப்பவை' என்ற ஒரு கூட்டத்தின் பெயர். எஷரிச்சியாவோடு கிளெப்சியெல்லா, என்ரரோபக்டர், சிற்றோபக்டர் போன்றவையும் இதில் சேரும். உயிரியலார் உறவு பார்த்துச் சேர்த்த குடும்பம் என்பதைவிட, தண்ணீர் சோதிப்பவர்கள் தம் வசதிக்காகச் சேர்த்த கூட்டம் என்று சொல்வதே சரி. வித்தி உண்டாக்காத கோலுருவாய், 'கிராம்' என்ற ஆய்வுகூடச் சாயத்தைப் பிடித்து வைக்காததாய், ஏறத்தாழ 35 முதல் 37 பாகை செல்சியஸில் 48 மணித்தியாலத்துக்குள் பாற்சீனியை நொதிக்க வைத்து அமிலமும் வாயுவும் தருவதாய் இருந்தால் அது கோலிபோம்.

இந்த இடத்தில் மாமியின் முகம் தெளிவில்லாமல் போனது. நொதித்தல் என்றேன், தலையாட்டவில்லை. பிறகுதான் அவர் எருமை வளர்த்தவர் என்பது நினைவுக்கு வந்தது.

"மாமி, உறை போட்ட பால் சில நேரம் சட்டியில கண் கண்ணா ஓட்டை விட்டுப் பொங்கிப்போய் வருமல்லோ?"

"ஓம், சட்டி சரியாக் கழுவாட்டி அப்பிடித்தான். அதைக் குடுக்கேலாது. மாட்டுக்குத்தான் ஊத்துறது."

அதேதான். நல்ல தயிரை ஆக்கும் பற்றீரியா பாற்சீனியைப் புளிக்க வைத்து அமிலம் தரும். பால் அமைதியாக உறையும். கோலிபோம் புகுந்தால் அமிலத்தோடு வாயுவும் வரும். அந்த வாயுதான் தயிரில் ஓட்டை விடுகிறது. (மதுவமும் இதைச் செய்யும்; கள்ளு நுரைப்பது அதனால்தான்.) ஆய்வுகூடத்தில் நடப்பதும் தயிர்ச்சட்டி பார்க்கிற வேலையேதான். பாற்சீனி கரைத்த திரவத்தில் கிணற்றுத் தண்ணீரை விட்டு, உள்ளே ஒரு குட்டிக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். வாயு வந்தால் அந்தக் குழாயின் தலையில் குமிழி தேங்கி நிற்கும். 1898 இல் டர்ஹம் என்பவர் கொண்டுவந்த உபாயம் இது. திரவத்தில் பித்த உப்பும் சேர்ப்பதுண்டு. மக்கொங்கி என்பவர் விவரித்த முறை. பித்தம் தாங்கி வளர்வது குடலில் வாழப் பழகியவற்றுக்கு இலகு. மற்றவை பல அடங்கிவிடும்.

ஒரே தண்ணீரைப் பல குழாய்களில் வெவ்வேறு அளவில் விட்டு, எத்தனை குழாயில் குமிழி வந்தது என்று எண்ணி, அட்டவணையைப் பார்த்து 100 மில்லிலீற்றருக்கு எத்தனை இருக்கும் என்று கணிப்பார்கள். எண்ணி எடுத்த தொகை இல்லை, மிக நிகழத்தக்க தொகை. மாமியின் அறிக்கையில் இருந்ததும் அப்படி ஒரு தொகைதான்.

"அப்ப இந்தக் கிருமிதான் வருத்தம் தாறதோ?"

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் சொல்லின் உண்மையான பொருள் இருக்கிறது. பெரும்பாலும் இல்லை. ஈ.கோலியின் சில வகைகள் கடுமையான நோய் தரும் என்பது உண்மை. ஆனால் கோலிபோம்களில் மிகப் பெரும்பாலானவை பேசாமல் இருந்துவிட்டுப் போகிறவை. நெருப்புக்காய்ச்சல், வாந்திபேதி, வயிற்றுளைவு, செங்கமாரி ஆகியவற்றின் கிருமிகள் வேறு. அவற்றைத் தண்ணீரில் நேரடியாகத் தேடுவது சிரமம். ஊரில் நோயாளி இருந்தால்தான் வரும், வந்தாலும் கொஞ்சமாய் வரும், ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை வேண்டும். ஈ.கோலியோ சுகதேகியின் மலத்திலும் ஒரு கிராமுக்குக் கோடிக்கணக்கில் உண்டு, தேடுவதும் சுலபம். அது கிணற்றில் இருந்தால் மலம் கிணற்றுக்கு வழி கண்டுவிட்டது என்று அர்த்தம். வழி திறந்துவிட்டால் நாளைக்கு நெருப்புக்காய்ச்சலும் அதே வழியால் வரும்.

ஆகவே கோலிபோம் குற்றவாளி இல்லை, காட்டிக் கொடுப்பவன். அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் உள்ள கசப்பு எனக்கும் தெரியும். ஆனால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை.

தமிழில் என்ன சொல்வது என்பதிலும் இதுதான் முக்கியம். 'கோலிவடிவப் பற்றீரியா' என்று எழுதினால் போம் மட்டும் தமிழாகும்; கோலி அப்படியே நிற்கும்; மாமிக்கு ஒன்றும் விளங்காது. 'குடற்கோலுரு' என்று ஆக்கலாம். வேர்ச்சொல்லுக்கு நேர்மையான, கேட்கவும் நன்றாக இருக்கிற சொல். ஆனால் இதில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. கோலிபோம் கூட்டத்தில் சில, குடலைக் காணாமலே மண்ணிலும் இலைகுழையிலும் வாழ்கின்றன. மாரியில் வளவு வெள்ளம் கட்டில்லாத கிணற்றுக்குள் இறங்கினாலே மொத்தக் கோலிபோம் ஏறிவிடும். அதனால்தான் 44 பாகையைத் தாண்டிய சூட்டிலும் பாற்சீனியை நொதிக்க வைப்பவற்றை 'மலக் கோலிபோம்' என்று தனியே பிரிக்கிறார்கள். அதிலும் கிளெப்சியெல்லா சில நுழைந்துவிடும் என்பதால் கடைசியில் ஈ.கோலியைத்தான் பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் அதையே சொல்கிறது: 100 மில்லிலீற்றரில் ஈ.கோலி ஒன்றும் அகப்படக் கூடாது.

என் தெரிவு இது. இரசாயனப் பாடத்தில் அமிலமா காரமா என்று நிறம் மாறிச் சொல்லும் பொருளைக் 'காட்டி' என்று படித்திருக்கிறோம். அந்தச் சொல் கைவசம் இருக்கிறது. மொத்தக் கோலிபோமைக் 'காட்டிப் பற்றீரியா' என்றும், ஈ.கோலியை 'மலக்காட்டி' என்றும் சொல்லலாம். இலத்தீன் வேருக்கு இது மொழிபெயர்ப்பு இல்லைத்தான். ஆனால் அறிக்கையை வாசிப்பவருக்கு வேண்டியது குடலின் வடிவம் இல்லை. கிணற்றுக்குள் என்ன வந்தது என்பது. ஆய்வுகூடத்தார் தங்கள் படிவத்தில் கோலிபோம் என்றே எழுதட்டும். வீட்டுக்கு வருகிற துண்டில் 'மலக்காட்டி உண்டு' என்று எழுதினால் எவரும் கிணற்றில் பொம் தேட மாட்டார்கள்.

அப்படிச் சொன்னதும் மாமி எழும்பிப் போய்க் கிணற்றடியைப் பார்த்தார். கிணற்றுக் கட்டில் வெடிப்பு. பட்டி மாடுகள் தண்ணீர் குடிக்கிற தொட்டி கிணற்றோடு ஒட்டினாற்போல். மலக்காட்டிக்கு மனிதன், மாடு என்ற பேதம் தெரியாது. மலசலகூடக் குழி தூரத்தில்தான் இருந்தது, ஆனால் சாணி பக்கத்தில். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பட்ட பாட்டுக்குப் பிறகும் கிணற்றுக் கட்டு உயராத வளவுகள் இன்னும் இருக்கின்றன. மாமியின் வளவும் அதில் ஒன்று.

வெடிப்பைப் பூசி, தொட்டியை நகர்த்தி, கிணற்றை இறைத்த பிறகு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரீன் தூளைக் கரைத்து ஊற்றினார். இரண்டு நாள் பிளேன்ரீ வாயில் வைக்க முடியவில்லை. "முகாம் தண்ணி மணக்குது" என்று மாமி முகத்தைச் சுழித்தார். 2009 இல் செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமில் தண்ணீர்ப் பவுசருக்கு வரிசையில் நின்றவருக்குக் குளோரீன் என்றால் அந்த மணம்தான். தேத்தாங்கொட்டை உரைத்துத் தெளிய வைக்கலாமே என்றும் கேட்டார். தேத்தாங்கொட்டை கலங்கலைப் படிய வைக்கும், அதோடு கொஞ்சக் கிருமியும் அடியில் இறங்கும், கொல்லாது. கண்ணாடி போல் தெளிந்த தண்ணீரிலும் காட்டி இருக்கலாம்.

அடுத்த அறிக்கையில் ஈ.கோலிக்கு நேரே சுழியம் இருந்தது.

"அப்ப காட்டிக் குடுக்க ஆளில்லை" என்றார் மாமி.

ஆளில்லை என்பதால் குற்றமும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. குளோரீனுக்குக் கோலிபோம் சீக்கிரம் சாகும். ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளின் தடித்த கூடுகள் அவ்வளவு சுலபத்தில் சாகா. மாமி கேட்டுக்கொண்டே கேத்திலை அடுப்பில் ஏற்றினார்.