ஜெண்டர்: பாலா, பாலினமா, பால்நிலையா?

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில், மலைமந்திர் மணியோசை கேட்கும் தூரத்தில் எங்கள் குடியிருப்பு. எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் போன ஆண்டு ஜெண்டர் ஸ்டடீஸ் முதுகலையில் இடம் கிடைத்தது. படித்து முடித்துப் பப்ளிக் பாலிசி பக்கம் போக வேண்டும் என்பது அவள் ஆசை. பொங்கல் மலரில் அவளுக்கு அரைப்பக்க வாழ்த்து வந்தது. ‘பாலியல் மற்றும் பொதுக்கொள்கை பயிலும் செல்வி’ என்று அச்சிட்டிருந்தார்கள். அவளுடைய அப்பா இரண்டு நாள் பால் வாங்கக்கூட வெளியே வரவில்லை. பாட்டிக்கோ அந்தச் சங்கடம் எதுவும் இல்லை. பாலிசி என்ற சொல் மட்டும்தான் அவர் காதில் விழுந்திருந்தது. “எல்.ஐ.சி.யில் வேலையா? கௌரவமான உத்தியோகம்” என்று மகிழ்ந்துபோனார்.

“மாமா, இதற்குச் சரியான தமிழ்தான் என்ன?” என்று அந்தப் பெண் மலரோடு வந்து நின்றாள். அன்று தொடங்கிய தேடல் இது.

முதலில் ஜெண்டர். வகை, பிறப்பு என்று பொருள்படும் ‘கெனுஸ்’ என்ற லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ஜெண்டர் ஆயிற்று. பல நூற்றாண்டுகள் அது பெரும்பாலும் இலக்கணக்காரர்களின் சொல்லாகவே இருந்தது. 1955இல் ஜான் மணி என்ற உளவியலாளர், ஆணாகவோ பெண்ணாகவோ ஒருவர் உலகில் நடந்துகொள்ளும் முறைக்கு அந்தச் சொல்லை எடுத்தாண்டார். 1970களில் பெண்ணியர்கள் அதைக் கூர்தீட்டினார்கள்: உடலோடு வருவது ஒன்று, சமூகம் அதன்மேல் ஏற்றிவைப்பது இன்னொன்று, ஜெண்டர் என்பது இரண்டாவது. லத்தீன் கெனுஸுக்கும் வடமொழி ‘ஜாதி’க்கும் வேர் ஒன்றே, பிறத்தல் என்பதே அதன் பொருள் என்று மொழியியலார் சொல்வார்கள். சாதியும் ஜெண்டரும் சொல்லளவில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொன்னதும் அந்தப் பெண் கைப்பேசியை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

ஐரோப்பிய மொழிகள் இலக்கணத்திலிருந்து இந்தச் சொல்லைக் கடன் வாங்கியதுபோல நாமும் செய்யலாம். நம் இலக்கணத்தில் அதற்கு நல்ல சொல் இருக்கிறது: பால். தொல்காப்பியத்தில் உயர்திணைக்கு ஆண், பெண், பலர் என மூன்று பால். அஃறிணைக்கு ஒன்று, பல என இரண்டு. ஆக, பால் என்பது ஆண் பெண் கணக்கு மட்டும் அன்று, எண்ணிக்கையும் அதில் அடக்கம். பால் என்றாலே பகுப்பு, பங்கு. திருக்குறளின் முப்பாலும் அந்தப் பொருளில்தான். ஊழுக்கும் பால் என்று பெயர் உண்டு. ‘பால்வரை தெய்வம்’ என்பது யார் யாருக்கு எது எது என்று பங்கு வரையறுக்கும் தெய்வம். யாருக்குச் சமையலறை, யாருக்கு நிலப்பட்டா என்று பிரித்துக்கொடுக்கும் ஏற்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் வேறு மொழியில் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையில் வைத்து, அவற்றுக்கு எந்தப் பால் முடிவு வரும் என்றும் தொல்காப்பியம் ஒரு நூற்பா ஒதுக்கிப் பேசுகிறது. உச்ச நீதிமன்றம் திருநரை (திருநங்கை, திருநம்பியரை) மூன்றாம் பாலினமாக ஏற்றது 2014 ஏப்ரலில்.

இப்போது வழக்கில் இருப்பது பாலினம். பால், இனம் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும் சொற்கள் என்பதால், நடுசென்டர் என்பதுபோல இது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். உறுத்தலைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஸ்கேன் மையங்களில் ‘கருவின் பாலினத்தை அறிவது சட்டப்படி குற்றம்’ என்று எழுதியிருக்கிறார்களே, அங்கே பாலினம் என்பது உடலைக் குறிக்கிறது. 1994இன் சட்டம் தடுப்பது அதைத்தான். மக்கள்தொகைக் கணக்கின் ‘பாலின விகித’மும் அப்படியே. அதே சொல்லை ‘பாலினச் சமத்துவம்’ என்னும்போது சமூக ஏற்பாட்டுக்கும் பயன்படுத்துகிறோம். எந்த வேறுபாட்டைக் காட்டுவதற்காக ஜெண்டர் என்ற சொல் வந்ததோ, அந்த வேறுபாடே தமிழில் கரைந்துபோகிறது. இலங்கைத் தமிழர்கள் ‘பால்நிலை’ என்கிறார்கள். நிலை என்றதும், நிறுத்திவைக்கப்பட்ட இடம், மாற்றக்கூடிய இடம் என்ற குறிப்பு வந்துவிடுகிறது. என் ஓட்டு அதற்கே. ஆனால் தமிழ்நாட்டு அரசாணையிலும் பாடநூலிலும் பாலினம் வேரோடிவிட்டது, இனிப் பிடுங்க முடியாது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கின் தொடர்ச்சியாக, பால்புதுமையரை (எல்.ஜி.பி.டி.க்யூ. சமூகத்தினரை) கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. எழுதுகிறவர்கள் அதைக் கையருகே வைத்துக்கொள்வது நல்லது.

பாலியல் என்பது வேறு வட்டாரம்: பாலியல் கல்வி, பாலியல் தொல்லை என்று உடலுறவு சார்ந்தவற்றுக்கு வருவது. மலர்க் குழு தடுக்கி விழுந்தது இங்கேதான். மகளிரியல் இன்னொன்று. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத் துறைகளின் பெயர்ப்பலகைகளில் அதைப் பார்க்கலாம். பாலினம் என்றாலே பெண்கள் என்று எடுத்துக்கொள்வது, பாதிப் பங்கை மட்டும் எண்ணிவிட்டுக் கணக்கை மூடுவதுபோல.

இந்திக்காரர்கள் பாடு இன்னும் கஷ்டம். ‘லிங்க்’ என்றால் இலக்கணப் பாலும் அதுதான், உறுப்பும் அதுதான். அதனால் தில்லித் தொண்டு நிறுவனங்களில் இந்தியிலேயே பேசுகிறவர்களும் ஜெண்டர் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

பாலிசிக்கு வருவோம். பாட்டி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஏனென்றால் ஆங்கிலத்தில் இருப்பது ஒரே எழுத்துக்கூட்டு உடைய இரண்டு சொற்கள். காப்பீட்டுப் பாலிசி, சான்று என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இத்தாலி வழியாக வந்தது. அரசின் பாலிசிக்கு மூலம் நகரத்தைக் குறிக்கும் கிரேக்க ‘போலிஸ்’. நம் தெருமுனைப் போலீசும் அதே குடும்பம். தமிழில் கொள்கை. கட்சிக்காரர் உயிரைக் கொடுப்பதாகச் சொல்வதும் கொள்கைதான், சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையோடு ஒவ்வொரு துறையும் வைக்கும் ‘கொள்கை விளக்கக் குறிப்பு’ம் கொள்கைதான். இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். பொதுக்கொள்கை என்றால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டையும் சேர்த்தால் என்ன படிப்பு? தில்லி அரசு பஸ்களில் 2019 அக்டோபரில் பெண்களுக்கு இளஞ்சிவப்பு டிக்கெட் வந்தது. கட்டணம் இல்லை என்று முடிவெடுத்தது பொதுக்கொள்கை. யார் பஸ்ஸில் போகிறார்கள், யார் காசில்லாமல் நடக்கிறார்கள், மிச்சமாகும் பணம் வீட்டில் யார் கைக்குப் போகிறது என்று கேட்பது பால்நிலைப் பார்வை. மத்திய பட்ஜெட்டோடு 2005-06 முதல் பாலின நிதி அறிக்கை ஒன்று தனியாக வருகிறது. முழுவதும் பெண்களுக்கான திட்டங்கள் ஒரு பகுதியில், குறைந்தது 30 விழுக்காடு பெண்களுக்குச் செல்பவை இன்னொன்றில், 2024-25 முதல் அதைவிடக் குறைவாகச் செல்பவை மூன்றாவதில். அந்தப் பட்டியலைப் படித்துக் கேள்வி கேட்கக் கற்பதுதான் இந்தப் பயிற்சியின் சாரம்.

இந்தத் துறைக்குத் தில்லி தாய்வீடு மாதிரி. 1971இல் அமைந்த மத்திய அரசுக் குழு பெண்களின் நிலை குறித்து 1974இல் அறிக்கை தந்தது. அதன் உறுப்பினர் செயலராக இருந்த வீணா மஜும்தார்தான் 1980இல் மகளிர் மேம்பாட்டு ஆய்வு மையத்தின் நிறுவன இயக்குநரானார். அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் ஜெண்டர் முதுகலை உண்டு. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மகளிர் ஆய்வுக்கெனத் தனி மையம் இருக்கிறது. வேலையை விட முடியாதவர்களுக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழியில் தருகிறது. கொள்கைப் பக்கத்திலிருந்து நுழைய நினைத்தால், பெங்களூரின் தேசியச் சட்டப் பள்ளியில் 2014 முதல் பொதுக்கொள்கை முதுகலை நடக்கிறது. இரண்டையும் ஒரே பட்டத்தில் வேண்டுகிறவர்கள் லண்டன் பொருளியல் பள்ளியைப் பார்க்கிறார்கள். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் கேட்பார்கள் என்பதை மறக்கக் கூடாது. விரிவுரையாளர் வேலை நினைப்பிருந்தால், நெட் தேர்வில் மகளிர் ஆய்வு தனிப் பாடமாகவே இருக்கிறது.

பேச்சு இங்கே வந்தபோது எனக்குப் புறநானூற்று 183ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. பாடியவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், பாண்டிய அரசன். மக்களை நாற்பாலாகப் பகுத்ததில் கீழ்ப்பால் ஒருவன் கற்றுவிட்டால் மேற்பால் ஒருவனும் அவனிடம் வந்து நிற்பான் என்கிறான். அறிவுடையோன் காட்டும் வழியில் அரசும் செல்லும் என்கிறான். பாலும் வந்துவிட்டது, படிப்பும் வந்துவிட்டது, பொதுக்கொள்கையும் வந்துவிட்டது. ‘ஒருவன்’ என்றே சொல்கிறானே, ஒருத்தி எங்கே என்று அவள் கேட்டாள். பாட்டை இன்னொரு முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். “ஈன்ற தாயும் மனம் திரிவாள் என்று ஓர் அம்மா மட்டும் வருகிறாள்” என்றேன்.

அடுத்த மலரில் திருத்தம் போட ஒப்புக்கொண்டார்கள். ‘பால்நிலையும் பொதுக்கொள்கையும்’ என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். சித்திரை மலர் வந்தது. ‘பால்விலையும் பொதுக்கொள்கையும்’ என்று இருந்தது. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, “இதைப் படிப்பதாக முன்பே சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்குமே” என்றார்.