வாவிக்குள் விடப்படும் கழிவுநீரும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும்

அம்பாறை மாவட்டத்தில் வாவியைக் கடக்கும் கிட்டங்கித் தாம்போதியில் (தாழ்வான பாலப் பாதையில்) ஆற்றுவாழை எனும் ஆகாயத்தாமரை வந்து அடைத்து நிற்பதைக் கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையே போய்வருபவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தச் செடி அவ்வளவு செழிப்பதற்குக் காரணம், வயல்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வீட்டுக் கழிவுகளிலிருந்தும் வாவிக்குள் வந்து சேரும் நைதரசனும் பொசுபரசும்தான். பாடப்புத்தகம் இதனை நற்போசணையாக்கம் என்கிறது. பாசியும் களையும் மிதமிஞ்சி வளர்ந்து, பின் மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துபோக, மீன்கள் செத்து மிதக்கின்றன. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் மூடிக் கிடக்கும் மாதங்களில் நிலைமை இன்னும் மோசமாகும். அள்ளிய ஆற்றுவாழையைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதும் பயனற்ற வேலை. அடுத்த மழைக்கு அதன் சாரம் மறுபடியும் வாவிக்கே போய்விடும்.

இதனைத் தடுப்பதற்கு நம்மிடம் உள்ள முதன்மையான சட்டம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். 1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 23அ பிரிவின்படி, வர்த்தமானியில் விதித்துரைக்கப்பட்ட தொழில் எதனையும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இல்லாமல் நடத்த முடியாது. பாதிப்புக் கூடிய தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையும், பாதிப்புக் குறைந்த சிறு தொழில்களுக்கு அந்தந்தப் பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபையும் உரிமம் வழங்குகின்றன. தொழிலின் வகையும் அளவுமே இதனைத் தீர்மானிக்கின்றன. உரிமத்துக்குக் காலாவதித் திகதி உண்டு, நிபந்தனைகளும் உண்டு. புதுப்பிக்காத உரிமம் சட்டத்தின் முன் செல்லாது. நிபந்தனையை மீறினால் உரிமத்தை இடைநிறுத்தவோ இரத்துச் செய்யவோ முடியும்.

நம் பக்கத்துக்குப் பொருத்தமான உதாரணம் நெல் அவிக்கும் ஆலை. நெல்லை ஊறவைத்து வடிக்கும் தண்ணீர் மஞ்சள் கலந்த பழுப்பாக, புளித்த கஞ்சி மணத்தோடு வெளியே வரும். நஞ்சு எதுவும் கலக்கவில்லை என்று ஆலைக்காரர் சொல்வது பெரும்பாலும் உண்மையே. ஆனால் அந்தத் தண்ணீரில் கரைந்துள்ள மாவும் சத்தும் வாய்க்காலில் அழுகும்போது ஒட்சிசனை உறிஞ்சிவிடும். ஆகவேதான் உள்நாட்டு நீர்நிலைக்குள் விடப்படும் கழிவுநீரின் உயிரியல் ஒட்சிசன் தேவை, அதாவது அதிலுள்ள கழிவு அழுகும்போது உறிஞ்சும் ஒட்சிசனின் அளவு, லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று பொது நியமம் வகுத்துள்ளது.

ஊரவருக்கு இதில் என்ன உரிமை என்ற கேள்விக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பதில் தருகிறது. ஒரு ஆலைக்கு உரிமம் உள்ளதா, அதன் நிபந்தனைகள் யாவை, கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று உரிய சபையின் தகவல் அலுவலரிடம் எந்தப் பிரஜையும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். என் பார்வையில், முறைப்பாடு எழுதுவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது. உரிம நிபந்தனை கையில் இருந்தால், எந்த நிபந்தனை மீறப்படுகிறது என்று முறைப்பாட்டில் சுட்டிக்காட்ட முடியும்.

வயலுக்கோ இப்படியோர் உரிமம் கிடையாது. சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. பசளை எறிந்த அன்றே வக்கடையை (வரம்பில் நீர் வடியும் வாயை) திறந்துவிட்டால், அதில் ஒரு பங்கு பயிருக்கு எட்டாமல் வடிச்சல் வாய்க்காலோடு போய்விடும், காசும் அதோடு போகும். பசளை எறிந்த பிறகு சில நாட்கள் வக்கடையைக் கட்டி வைப்பதும், மழை இருட்டிக்கொண்டு வரும்போது எறியாமல் விடுவதும் செலவில்லாத காரியங்கள். தனி ஒருவர் மட்டும் கட்டி வைத்தால் வாவிக்குப் பெரிய பயனில்லை. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் கண்டம் (வயல் தொகுதி) முழுவதற்குமான முடிவாக எடுத்தால், அதன் நீர்ப்பாய்ச்சலைக் கவனிக்கும் வட்டவிதானை அதை நடைமுறைப்படுத்த வழி பிறக்கும்.

கழிவு விடப்படுவதைக் கண்டால் இடம், திகதி, நேரம், எந்த வாய்க்கால் என்ற விபரங்களைப் படத்தோடு குறித்து, உரிமம் வழங்கிய சபைக்கு அன்றே அறிவியுங்கள். ஓடும் தண்ணீரில் மாதிரி எடுக்க அதிகாரிகள் மறுநாள் வந்தால், குழாயில் வருவது நல்ல தண்ணீராக இருக்கும்.