காற்றோட்டத் துளை அல்ல, காற்றுபோக்கி

கோத்தகிரியில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் விருந்தினர் தங்க ஒரு வீடு கட்டினார். கணப்பில் விறகு போட்டு ஊதிக்கொண்டிருப்பது தொல்லை என்று, பாய்லரிலிருந்து வெந்நீர் குழாய் வழியே ஒவ்வோர் அறையிலும் சுவரோரம் நிற்கிற ரேடியேட்டர் என்ற உலோகச் சூடேற்றிக்குப் போய் அறையைச் சூடேற்றுகிற மாதிரி செய்துவிட்டார். நம் மலையில் இது அபூர்வம். அதோடு வந்த தமிழ்க் குறிப்பில் ஒரு வரி: "காற்றோட்டத் துளைகளைச் சுத்தம் செய்து எப்போதும் திறந்து வைக்கவும்." வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் சொன்னதைச் செய்பவர். ரேடியேட்டரின் மேல் மூலையில் இருந்த சின்னத் திருகைச் சாவி போட்டு முழுக்கக் கழற்றிவிட்டார். கொஞ்ச நேரம் உஸ்ஸென்று காற்று, அப்புறம் மை மாதிரி கறுத்த தண்ணீர், புது மரத்தரை முழுக்க. ஜனவரி மாதம், வெளியே புல்லெல்லாம் உறைபனி, உள்ளே இந்தக் கூத்து.

அந்தத் திருகுக்கு ஏர் வென்ட் என்று பேர். வென்ட் என்பதற்கு மூலம் காற்றைக் குறிக்கும் லத்தீன் சொல், வென்டுஸ். வென்டிலேட்டரும் அதே வீட்டுப் பிள்ளைதான். மொழிபெயர்த்தவர் அந்த உறவைப் பார்த்ததும் 'காற்றோட்டம்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார், பொருள் என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. காற்றோட்டம் என்றால் காற்று வந்து போக வேண்டும். இங்கே வரவே கூடாது, போக மட்டும்தான் வேண்டும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் காற்று பிரிந்து மேலே ஏறி ரேடியேட்டரின் தலையில் தங்கிவிடும். கீழே தொட்டால் சுடும், மேலே தொட்டால் சில்லென்றிருக்கும், குழாய்க்குள் களகளவென்று சத்தம் வரும். அந்தக் காற்றை வெளியே விட்டதும் மூடிவிட வேண்டும். துளை என்பதும் தப்பு. துளை என்றால் திறந்தே கிடப்பது, இதன் வேலையில் பாதி மூடிக்கொள்வதுதான்.

சரி, வேறென்ன சொல்லலாம் என்று நண்பர் ஒருவரிடம் கேட்டேன், அவர் 'காலதர்' என்றார். சிலப்பதிகாரத்தில் வரும் அழகான சொல்தான், கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆனால் அது சன்னலுக்குப் பேர், பழைய காற்றோட்டம்தானே அது! பழசாக இருப்பதாலேயே ஒரு சொல் பொருந்திவிடாது. "காலதரைத் திருகு" என்று இங்கே எந்தப் பிளம்பரிடமாவது சொல்லிப் பாருங்கள், உங்கள் காலைத்தான் பார்ப்பார். இன்னொருவர் 'காற்று வடிகால்' என்றார். வடிவது கீழே போகும், காற்று மேலே போகிறது, அதுவும் வேண்டாம்.

குன்னூரில் எங்கள் தெருவில் பழைய வீடுகளின் கூரையைப் பார்த்தால் வரிசையாகப் புகைபோக்கி. புகையைப் போக்குவதால் புகைபோக்கி, யாரும் அகராதி பார்ப்பதில்லை. அதே கணக்கில் காற்றைப் போக்குவது காற்றுபோக்கி. (நடுவில் ப் எங்கே என்று கேட்பவர்களுக்கு: புகைபோக்கியிலும் இல்லை, புகையை, காற்றை என்பதில் உள்ள 'ஐ' மறைந்து நிற்கிறது, விடுங்கள்.) இதில் இரண்டு வகை. கையால் திருகுவது ஒன்று, அதை எப்போதும் மூடித்தான் வைக்க வேண்டும். தானாக வேலை செய்வது இன்னொன்று, உள்ளே ஒரு மிதவை இருக்கும். காற்று சேர்ந்தால் மிதவை இறங்கி வழி திறக்கும், தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறி அடைக்கும். இதன் தலையில் இருக்கும் சின்ன மூடியைத்தான் தளர்த்தி வைக்க வேண்டும். அந்தக் குறிப்பு இந்த இரண்டையும் ஒரே துளைக்குள் போட்டதில்தான் தரை நனைந்தது. மொட்டைமாடி சோலார் ஹீட்டரில் நிமிர்ந்து நிற்கிற குழாய் இருக்கிறதே, அது எப்போதும் திறந்தே இருக்கும், காற்று உள்ளேயும் வரும் வெளியேயும் போகும். அதைக் காற்றோட்டக் குழாய் என்றால் எனக்குச் சண்டையில்லை.

அதே குறிப்பில் இன்னோர் இடத்தில் "ரேடியேட்டரை இரத்தம் கசிய விடவும்" என்றும் இருந்தது. காற்றெடுப்பதை இங்கிலீஷில் 'ப்ளீட்' என்பார்கள், இரத்தம் கசிவதற்கும் அதே சொல்தான், அதன் கதி இது. காசு வாங்கிக்கொண்டு எழுதியவர் ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தாலே தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் மிக்சி வாங்கினாலும் தமிழ்ப் பக்கத்தைத் தாண்டி இங்கிலீஷைப் படித்துத்தான் தமிழ் புரிகிறது.

நானே ஓர் அட்டை எழுதிக் கொடுத்தேன்: "பம்பை நிறுத்தி, ஆற விடவும். கைக் காற்றுபோக்கியின் கீழே கிண்ணமும் துணியும் பிடித்து, சாவியால் அரைச் சுற்று மட்டும் திருப்பவும். காற்று போய்த் தண்ணீர் சீராக வந்ததும் மூடவும். ஆறிய நிலையில் அழுத்தமானி 1 முதல் 1.5 பார் காட்ட வேண்டும். குறைந்திருந்தால் தண்ணீர் சேர்க்கவும். அடிக்கடி காற்று சேர்ந்தால் எங்காவது கசிகிறதா என்று பார்க்கவும்."

அண்ணன் படித்துவிட்டு, "ஏர் எடுக்கிற திருகுன்னே போட்டிருக்கலாமேங்க" என்றார். அதையும் பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கிறேன்.