வெளியே 16 பாகை, உள்ளே 97 பாகை

நுவரெலியாவில் ஒரு ஜூலை மாலை. வெளியே 16 பாகை செல்சியஸ். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் அக்காவின் மகள், கம்பளிக்குள் காலை நீட்டி, அதன் மேல் மடிக்கணினியை வைத்துப் பாடக் காணொளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசிறி இரைந்தது. படம் நின்று நின்று ஓடியது. வெப்பநிலை காட்டும் மென்பொருளைத் திறந்து பார்த்தேன்: கணினியின் மூளையான செயலி (processor) 97 பாகையில் இருந்தது.

"இந்தக் குளிரில் இது எப்படி மாமா இவ்வளவு சுடும்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அவளுடைய பௌதிகவியல் பாடத்திலேயே அதற்கு விடை இருக்கிறது.

செயலியின் சிலிக்கன் சில்லு விரல் நகத்தளவுதான். அதற்குள் நூறு கோடிக் கணக்கில் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் திறந்து மூடும்போது செலவாகும் மின்சக்தி கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. மும்முரமாக வேலை செய்யும்போது அந்த நகத்தளவு இடத்திலிருந்து 30 வாட் வரை வெப்பம் வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் வெப்பநிலை 100 பாகையை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் நின்று நின்று ஓடியதற்குக் காரணம் அதுதான்.

வெளியேறும் வழி இப்படி அமைந்திருக்கிறது. சில்லின் முதுகில் ஒரு செப்புத் தகடு அமர்ந்திருக்கும். தகட்டிலிருந்து ஒரு தட்டையான செப்புக் குழாய் புறப்படும். காற்று நீக்கப்பட்ட அந்தக் குழாய்க்குள் சிறிதளவு நீர் இருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே மீண்டும் நீராக ஒடுங்கி, ஆவியாகும்போது உள்வாங்கிய மறைவெப்பத்தைக் கொட்டிவிட்டு, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் படலம் வழியாகத் திரும்பி வரும். குளிர்ந்த முனையில் மெல்லிய உலோகத் தகடுகளும் விசிறியும் இருக்கின்றன. அங்கிருந்து வெப்பம் காற்றோடு போய்விடும்.

இந்த வழியில் மிகக் குறுகலான இடம் சில்லுக்கும் செப்புக்கும் நடுவே இருக்கிறது. பளபளவென்று தெரியும் செப்புத் தகட்டை நுண்காட்டியில் வைத்துப் பாருங்கள், நம் மலைநாட்டைப் போலவே மேடும் பள்ளமுமாக இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சிகரங்கள் மட்டுமே தொடும். பள்ளங்களில் காற்று தங்கிவிடும். செப்பு வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைவிட ஏறக்குறைய 15,000 மடங்கு சிறந்தது. கம்பளி நமக்குக் கதகதப்பைத் தருவதும் காற்றினால்தான்: இழைகளுக்கிடையே அசையாமல் அடைபட்ட காற்று உடற்சூட்டை வெளியே விடாது. சில்லின் மேல் தங்கும் காற்றும் அதே வேலையைத்தான் செய்கிறது.

தெர்மல் பேஸ்ட் பூசுவது அந்தக் காற்றை வெளியேற்றத்தான். சிலிக்கோன் எண்ணெயில் நாக ஒட்சைட்டு, அலுமினிய ஒட்சைட்டு போன்றவற்றின் நுண்தூளைக் குழைத்த பசை அது. செப்போடு ஒப்பிட்டால் அது மட்டமான கடத்திதான். ஆனாலும் காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். சில்லின் பரப்பு ஒரு சதுர சென்ரிமீற்றர், இடைவெளி 0.05 மில்லிமீற்றர், வெப்பம் 30 வாட் என்று வைத்துக்கொள்வோம். பசையின் வெப்பக் கடத்துதிறன் 5 W/m·K என்றால், அதைக் கடப்பதற்குத் தேவைப்படும் வெப்பநிலை வேறுபாடு 3 பாகை மட்டுமே. அதே இடைவெளி முழுவதும் காற்றாக இருந்தால் 570 பாகைக்கு மேல் வேண்டும்! அதற்கு வெகு முன்பே இயந்திரம் அணைந்துவிடும். பசை காய்ந்து, பரப்பில் ஐந்தில் ஒரு பங்கில் மட்டும் ஒட்டியிருக்கிறது என்றால் 15 பாகை. அதாவது 12 பாகை கூடுதல். கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் உள்ள சராசரி வெப்பநிலை வித்தியாசமே ஏறக்குறைய அவ்வளவுதான். மலை தரும் குளிர் முழுவதையும் ஒரு தலைமயிர்ப் பருமனுள்ள இடைவெளி பறித்துவிடுகிறது.

மலை தருவதில் ஒரு குறையும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைந்த இங்கே நீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகத் தாமதமாவதை நம் வீட்டுப் பெண்கள் நன்றாக அறிவார்கள். அதே காரணத்தால் காற்றும் கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. விசிறி ஒரு சுற்றில் தள்ளும் காற்றின் திணிவும் அந்த அளவுக்குக் குறைவு. குளிர் அதை ஈடுசெய்கிறது என்பது உண்மைதான். ஆனால் கம்பளியின் மேல் வைத்த மடிக்கணினிக்கு அந்தக் குளிர்காற்று எங்கிருந்து வரும்? பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்பக்கத் துளைகள் வழியாகவே காற்றை இழுக்கின்றன.

பசை ஏன் கெடுகிறது? சூடேறும்போது செப்பு, சிலிக்கனைவிட ஆறு மடங்குக்கு மேல் விரிகிறது. இயக்கும்போது விரிந்து அணைக்கும்போது சுருங்கி, தகடு சில்லின் மேல் நுண்ணளவில் உரசிக்கொண்டே இருக்கும். அந்த அசைவு பசையைச் சிறிது சிறிதாக ஓரத்துக்குத் தள்ளிவிடும். எண்ணெயும் பிரிந்து போகும். எஞ்சுவது சுண்ணாம்புபோல் உதிரும் தூள்.

மறுநாள் பகலில் அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இயந்திரத்தைத் திறந்தேன். சார்ஜரைக் கழற்றி, உள்ளே மின்கலத்தின் இணைப்பையும் பிரித்த பிறகே மற்ற எதையும் தொட்டோம். முதலில் கண்ணில் பட்டது தூசி. விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளி நாரும் விறகடுப்புப் புகையின் பிசுக்கும் சேர்ந்து ஒரு மெத்தையாகவே படிந்திருந்தன. அதை எடுத்துவிட்டு மூடி, அதே காணொளியை ஓடவிட்டோம்: 89 பாகை. பலருக்கு இந்த இடத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். ஆகவே பசை வாங்கும் முன் தூசியைப் பாருங்கள் என்று எவரிடமும் சொல்வேன்.

அந்த இயந்திரம் ஏழு வருடம் பழையது என்பதால் மேலும் போனோம். செப்புத் தகட்டின் திருகாணிகளுக்கருகே 1, 2, 3, 4 என்று எண்கள் பொறித்திருந்தன. தகடு ஒரே சீராக அழுந்த வேண்டும் என்பதற்கான வரிசை அது. கழற்றும்போது 4இலிருந்து 1 வரை, பூட்டும்போது 1இலிருந்து 4 வரை, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் திருக வேண்டும். ஒரு மூலையை மட்டும் இறுக்கினால் சில்லின் விளிம்பு நொறுங்கக்கூடும். பழைய பசையை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த, நார் உதிராத துணியால் துடைத்தோம். பக்கத்து நினைவகச் சில்லுகளின் மேலிருந்த மெத்தென்ற பட்டைகளைத் தொடவில்லை. அவை தடிப்பான இடைவெளிக்கானவை, அங்கே பசை எட்டாது. புதிய பசையில் ஓர் அரிசியளவு சில்லின் நடுவே வைத்தோம். தகட்டின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும்.

"இன்னும் கொஞ்சம் வைத்தால் இன்னும் குளிராதா மாமா?"

குளிராது. பசை செப்பைவிடப் பல மடங்கு மட்டமான கடத்தி. படலம் தடித்தால் தடையும் கூடும். பசைக்குப் பதில் பற்பசை வைக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. அதிலுள்ள நீர் சில நாட்களில் காய்ந்துவிடும், பிறகு பழைய கதைதான். கல்லியம் கலந்த திரவ உலோகத்தையும் வீட்டில் முயல வேண்டாம். அது அலுமினியத்தை அரித்துவிடும், மின்னையும் கடத்தும்.

அதே அறையில், அதே காணொளியை அரை மணி நேரம் ஓடவிட்டோம். 76 பாகைக்கு மேல் போகவில்லை. மறுபடி கம்பளியின் மேல் வைத்து ஓடவிட்டபோது பத்து நிமிடத்தில் 84 பாகையைத் தொட்டது. பழைய தேயிலைப் பெட்டியின் பலகை ஒன்று பரணில் கிடந்தது. இப்போது அவள் அதை மடியில் வைத்து, அதன் மேல் கணினியை வைத்துப் படிக்கிறாள். கம்பளி அவள் கால்களுக்கு மட்டும்.