முகாமில் மினி கோல்ஃப் நடத்தப் போகிறீர்களா?

சின்னத் தடங்களில் மட்டையால் பந்தைத் தட்டிக் குழியில் விழ வைக்கும் ஆட்டம் அது. 40 பிள்ளைகள், 9 குழிகள். முகாம் வேலைக்கு வந்த புதிதில் அத்தனை பேரையும் முதல் குழியிலேயே வரிசையாக நிறுத்திவிட்டேன். நான்கு பேருக்கு ஒரு குழு என்றால் 10 குழுக்கள். ஒரு குழு ஒரு குழியை முடிக்க 3 நிமிடம் என்று வைத்தாலும், கடைசிக் குழு பந்தைத் தொட 27 நிமிடம் காத்திருக்க வேண்டும். கையில் மட்டையோடு அவ்வளவு நேரம் நிற்கும் பிள்ளை என்ன செய்யும்? வாள் சண்டை போடும். போட்டார்கள். ஒரு பையனின் நெற்றி மயிரிழையில் தப்பியது. அன்றிலிருந்து எந்த விளையாட்டு வகையைத் தேர்ந்தெடுத்தாலும், இதில் யார் சும்மா நிற்கப் போகிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

வரிசையை ஒழிக்க கோல்ஃப் உலகத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 'ஷாட்கன் ஸ்டார்ட்' என்பார்கள். குழுவுக்கு ஒரு குழி என்று நிறுத்தி, எல்லோரையும் ஒரே நேரத்தில் தொடங்க வைப்பது. அதே 40 பேரை 9 குழுக்களாகப் பிரித்தால் சில குழுக்களில் 4 பேர், சிலவற்றில் 5 பேர். 5 நிமிடத்துக்கு ஒரு விசில். விசில் அடித்ததும் அடுத்த குழிக்கு நகர வேண்டும், முடிந்ததோ இல்லையோ. 45 நிமிடத்தில் எல்லோரும் 9 குழிகளையும் ஆடியிருப்பார்கள். கூடவே அடிகளுக்கும் ஒரு வரம்பு வேண்டும். சர்வதேச மினிகோல்ஃப் போட்டிகளிலேயே ஒரு குழிக்கு 6 முறைதான் அடிக்கலாம். அதற்குள் பந்து விழாவிட்டால் 7 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இந்த விதியைச் சொல்லும்போது, தடுமாறுகிற பிள்ளைகளின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

அப்புறம், எனக்கு மிகப் பிடித்த வகை: ஸ்கிராம்பிள். குழுவில் எல்லோரும் ஆளுக்கு ஒரு முறை அடிக்கிறார்கள். எந்தப் பந்து நல்ல இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்திலிருந்தே எல்லோரும் அடுத்த அடியை அடிக்கிறார்கள். மோசமான அடி கணக்கிலேயே வராது. இதில் நான் ஒரு நிபந்தனை சேர்ப்பேன்: 9 குழிகள் முடிவதற்குள் ஒவ்வொருவருடைய அடியும் குறைந்தது ஒரு முறையாவது பயன்பட்டிருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் குழுவில் நன்றாக ஆடுகிற ஒருவரே எல்லாவற்றையும் முடித்துவிடுவார், மற்றவர்கள் ஒப்புக்கு அடிப்பார்கள். ஒரு முகாமில், 'நான் ஸ்கோர் மட்டும் எழுதுகிறேனே' என்று ஒதுங்கிய ஒரு சிறுமியை இந்த நிபந்தனைதான் ஆட்டத்துக்குள் இழுத்தது. அவளுடைய அடி இன்னும் பயன்படவில்லை என்பதால் குழுவே அவளைச் சுற்றி நின்று, எந்தச் சுவரில் பட்டுத் திரும்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது. மீதிக் குழிகளில் ஸ்கோர் அட்டையை அவள் கேட்கவே இல்லை.

இரண்டு பேர் ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் வகையும் உண்டு. ரைடர் கோப்பை என்ற கோல்ஃப் போட்டியில் இதையே 'ஃபோர்சம்ஸ்' என்று ஆடுகிறார்கள். பெரியவர்களுக்கு, அதிலும் ஒருவரையொருவர் அதிகம் அறியாத அலுவலகக் குழுவுக்கு, நன்றாகப் பொருந்தும். சின்னப் பிள்ளைகளுக்கு நான் இதை வைப்பதில்லை. 'உன்னால்தான் போச்சு' என்ற பேச்சு சீக்கிரம் வந்துவிடுகிறது.

சீட்டு எடுத்து ஆடுவது எந்த வயதுக்கும் சரிவரும். 'இடது கையால் மட்டும்', 'மண்டியிட்டு', 'சுவரில் ஒரு முறை பட்டுத்தான் போக வேண்டும்' என்று எழுதிய சீட்டுகளை ஒரு பெட்டியில் போட்டு, குழிக்கு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். தேர்ந்த கையும் புதுக் கையும் ஒரே அளவுக்குத் தடுமாறும். சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால், அவரால் செய்ய முடியாத சீட்டுகளை முன்பே எடுத்துவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் அவர் தனித்துத் தெரிவார்.

தடம் இல்லாத இடத்திலும் இதையெல்லாம் ஆடலாம். கயிற்றால் எல்லை போட்டு, அட்டைப் பெட்டியில் வளைவு வெட்டினால் போதும். காகிதக் குவளையைப் படுக்க வைத்துக் குழியாக்கினால் விளிம்பில் பட்டுப் பந்து திரும்பிவிடும். அந்த விளிம்பைத் தட்டையாக அமுக்கி டேப் ஒட்டுங்கள். வழவழப்பான தரையில் பந்து நிற்காமல் ஓடும், அங்கே ஒரு பாய் விரியுங்கள். கோல்ஃபில் குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். குட்டிப் பிள்ளைகளுக்கு அது சிறியது. தரையில் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் பந்து நின்றால் போதும் என்று சொல்லிவிடுவேன்.

இனி, நான் எந்த முகாமிலும் விட்டுக்கொடுக்காத விஷயம். மினி கோல்ஃபில் அடி படுவது பெரும்பாலும் பந்தால் அல்ல, மட்டையால். அதுவும் அடிப்பவருக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் பிள்ளைக்குத்தான், தலையில் அல்லது முகத்தில். அதனால் மட்டை முழங்காலுக்கு மேல் எழக் கூடாது. அடிப்பவர் கையை நீட்டி மட்டையைச் சுற்றினால் எட்டும் தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. சிறுவர்களாக இருந்தால் குழுவுக்கு ஒரே மட்டைதான் கொடுப்பேன். முறை வந்தவர் கையில் மட்டும் அது இருக்கும். ஆளுக்கொரு மட்டை கொடுப்பது தாராளமாகத் தோன்றும், ஆனால் 5 பேர் கையில் 5 மட்டை இருந்தால் ஒரு மேற்பார்வையாளரின் கண் போதாது. உயரம் மிகவும் வேறுபட்டால் மட்டும் இரண்டு, இரண்டாவது என் கையில் இருக்கும். தலையில் அடிபட்ட பிள்ளை மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, ஆட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

கண்ணைக் கட்டி, இன்னொருவர் வழி சொல்ல அடிப்பதும் பலர் விரும்பிக் கேட்கும் வகை. ஒரு மீட்டருக்கு உட்பட்ட குட்டி அடிக்கு மட்டும், நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் அனுமதிப்பேன். வழி சொல்பவர் குழிக்கு அந்தப் பக்கம் நின்று பேச வேண்டும்.

கடைசி விசில் அடித்ததும் முதலில் மட்டைகளைத் திரும்ப வாங்குங்கள், ஸ்கோர் அறிவிப்பு அப்புறம். பந்துகளையும் எண்ணிப் பெட்டியில் போடுங்கள். நடைபாதையில் உருண்டு கிடக்கும் ஒரு பந்தை மிதித்தால் பெரியவர்களும் விழுவார்கள்.