கைரேகை விழாவிட்டாலும் ரேஷன் உண்டு

தமிழ்நாட்டில் 2017 ஏப்ரலில் பழைய ரேஷன் கார்டு போய் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தோடு கைரேகைப் பதிவும் சேர்ந்துகொண்டது. கார்டில் பெயர் உள்ள யார் விரல் வைத்தாலும் போதும் என்பதால் பெரிய குடும்பங்களுக்கு இதில் சிக்கல் குறைவு. தனியாக இருக்கும் பாட்டிக்கும், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் தம்பதிக்கும், நடமாட முடியாதவருக்கும்தான் கஷ்டம்.

வயதாக ஆகத் தோல் வறண்டு ரேகை மங்கிவிடும். சித்தாள் வேலை, சலவை, வயல் வேலை என்று காலமெல்லாம் கையால் உழைத்தவர்களுக்கு இன்னும் மோசம். மிஷின் நாலு தடவை 'தோல்வி' என்று காட்டியதும், பின்னால் வரிசை நீள்வதைப் பார்த்துப் பலர் பையை மடித்துக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படித் திரும்பாதீர்கள். விரலை ஈரமில்லாமல் துடைத்து வேறு விரலை வைத்துப் பாருங்கள்; ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கும். அதுவும் சரிவரவில்லையென்றால் கண்ணின் கருவிழியைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையா? பதிவு செய்த போனுக்கு வரும் ஓடிபியைச் சொல்லியோ, கார்டில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்லியோ பொருள் வாங்க வழி இருக்கிறது. கைரேகை விழவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உரியவருக்குப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறையும் 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

ஓடிபி வர வேண்டுமானால் கார்டில் இருப்பது இப்போது நீங்கள் வைத்திருக்கும் எண்ணாக இருக்க வேண்டும். பேரனின் பழைய எண் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பார்வையற்றவர்களுக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. என்ன பொருள், எவ்வளவு வாங்கியதாகப் பதிவானது என்று அதே எண்ணுக்கு எஸ்எம்எஸ் வரும். அதைப் போனையே வாசிக்கச் செய்து கடையிலேயே சரிபார்க்கலாம். கார்டைத் தொட்டு அறியத்தான் வசதி இல்லை. மாஸ்டர்கார்டு 2021-இல் அறிவித்த கார்டு வடிவத்தில் கிரெடிட்டுக்குச் சதுரம், டெபிட்டுக்கு அரைவட்டம் என்று ஓரத்தில் சின்ன வெட்டு இருக்கிறது. ரேஷன் கார்டிலும் அப்படி ஒரு வெட்டு வைப்பதை அரசு யோசிக்க வேண்டும்.

சரி, கடைக்கே போக முடியாதவர் என்ன செய்வது? முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தமக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பலாம். அதற்கு அங்கீகாரச் சான்றுப் படிவம் இருக்கிறது. கார்டு விவரத்தையும், வர இயலாத காரணத்தையும், பொருள் வாங்கப் போகிறவரின் விவரத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். தினமும் உங்கள் வீட்டுப் பக்கம் வந்துபோகிற, நம்பிக்கையான ஒருவரையே எழுதுங்கள். எவ்வளவு வாங்கினார் என்பதை உங்கள் போனுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டம். 70 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் என ஏறத்தாழ 21.7 லட்சம் பேருக்கு வீட்டு வாசலிலேயே பொருள் தருவதாக அறிவித்துத் தொடங்கினார்கள். எடைத்தராசும் பதிவு மிஷினும் வண்டியிலேயே வரும். எடையை உங்கள் கண்முன் போடச் சொல்லுங்கள். உங்கள் தெருவுக்கு வண்டி எந்த நாளில் வரும், இப்போதைய வயது வரம்பு என்ன, பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதையெல்லாம் உங்கள் கடையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

கடையில் காரியம் ஆகவில்லையென்றால் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போங்கள். சென்னையில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மண்டல உதவி ஆணையர் அலுவலகங்களில் நடக்கும் குறைதீர் முகாமில் அங்கீகாரச் சான்றும் தருகிறார்கள். போனில் புகார் சொல்ல 1967 அல்லது 1800 425 5901. பேசும்போது கார்டு எண்ணைக் கையில் வைத்திருங்கள்.